நூறாம் நிலைக்கு இன்னும் எத்தனை வெட்டு

சின்ன வயதிலிருந்தே எனக்கு வகுத்தல் கணக்கு என்றால் கொள்ளைப் பிரியம். ஒரு பெரிய எண்ணை எடுத்துச் சின்ன எண்ணால் வகுத்தால், மலைப்பாக இருந்த வேலை கைக்கு அடக்கமாகிவிடும். நடந்ததெல்லாம் இந்த ஒரு பழக்கத்தால்தான்.

நான் விளையாடும் இணைய விளையாட்டில் சுரங்கம் வெட்டுவது ஒரு திறன். மவுஸை ஒருமுறை தட்டினால் ஒரு வெட்டு; அது முடியப் பத்து விநாடி, அப்புறம்தான் அடுத்த தட்டு. வெட்டுக்கு அறுபது புள்ளி. நிலை ஏற ஏற அடுத்த நிலைக்கான புள்ளி ஊதிக்கொண்டே போகும். தொண்ணூறாம் நிலைக்கு வந்தவனைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். உண்மையில் அவன் பாதி வழிதான் வந்திருப்பான். உச்ச நிலையான நூறைத் தொட எனக்கு இன்னும் ஒன்றேகால் கோடி புள்ளி வேண்டியிருந்தது. அறுபதால் வகுத்தேன். இரண்டு லட்சத்துச் சொச்சம் வெட்டு. அவ்வளவுதான்.

தட்டத்தான் கை இல்லை. வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலை எனக்கு. பகல் முழுக்க யாராவது காதில் கத்திக்கொண்டிருப்பார்கள். தானாகத் தட்டும் மென்பொருள் வைத்தால் விளையாட்டை நடத்துகிறவர்கள் கண்டுபிடித்துக் கணக்கை முடக்கிவிடுவார்கள். மனித விரல்தான் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. அத்தை தட்டச்சு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது, புத்தியும் கூர்மை. மனைவிக்கோ தள்ளிப்போட முடியாத அலுவலக மாற்றல், ஆறு மாதத்துக்கு வெளியூர். “அம்மாவைப் பாத்துக்குங்க” என்று என் இரண்டு கைகளையும் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டேன். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை, ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

ஒரு காலையில் மடிக்கணினியை அத்தையின் முன் வைத்து, மவுஸை அவருடைய இடது கையில் கொடுத்தேன். டாக்டர் சொன்ன பயிற்சி என்றேன்.

“வலது கைதானே மாப்பிள்ளை வரல? இடது கையால தட்டி என்ன ஆகப்போகுது?”

“உள்ள ரெண்டு கைக்கும் ஒரே ஒயர்தான் அத்தை. இது தட்டத் தட்ட அது கத்துக்கும்.”

சிரித்தார். பிறகு தட்டினார். என்ன சீரான தட்டு அது. நான் நாள் முழுக்க முக்கி முக்கி வெட்டுவதை அவர் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவார். “இன்னிக்கு எத்தனை மாப்பிள்ளை?” என்று வேறு கேட்பார். உற்சாகமான பெண்மணி.

பிசியோதெரபி செய்ய வரும் பெண்தான் குறுக்கே நின்றாள். அவள் வந்துபோனால் அத்தை களைத்துத் தூங்கிவிடுவார். அரை நாள் வெட்டு போச்சு. அவள் ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “முதல் ஆறு மாசம்தான் சார் முக்கியம். அதுக்குள்ள அந்தக் கையை வேலை வாங்கணும். விட்டா இறுகிடும்.”

அதையும் கணக்கில் சேர்த்தேன். நாலரை மாதத்தில் நூறு வந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். அதற்குள் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொல்லி அவளை நிறுத்தினேன். யாருக்கும் நஷ்டமில்லாத கணக்கு.

மனைவி வீடியோவில் கூப்பிடும்போது அத்தையின் வலது கை போர்வைக்குள் இருக்கும். “வந்ததும் ஒரேயடியா காட்டி அசத்திடலாம் அத்தை” என்று சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு அந்த ரகசியம் ரொம்பப் பிடித்துப்போனது.

சொன்னபடி நூறு வந்தது. அதே வாரம் விளையாட்டை நடத்துகிறவர்கள் உச்ச நிலையை நூற்றிருபதாக உயர்த்தினார்கள். நான் என்ன செய்ய முடியும்? மறுபடி வகுத்தேன்.

மனைவி வந்தாள். பெட்டியைக்கூட இறக்காமல் அம்மாவின் போர்வையை விலக்கினாள். விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்து, மூடிய மொட்டுப்போல இருந்தன. ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தாள். அத்தை வலியில் முனகினார். மனைவி உடனே பிசியோதெரபிப் பெண்ணுக்குப் போன் போட்டாள். பேசி முடித்தபின் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“இறுகிடும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்” என்றேன். பொய் சொல்வது என் வழக்கம் இல்லை.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இடது கை இன்னும் மவுஸின் மேலேயே இருந்தது.

“அப்ப நான் தட்டினதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை?”

அவருக்கு ஒரு நல்ல பதில் சேர வேண்டும் என்று தோன்றியது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். நூற்று மூன்று. தங்க எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. “உலகத்துலயே கொஞ்சம் பேர்தான் அத்தை இந்த இடத்துக்கு வந்திருக்காங்க” என்றேன்.

அத்தை அழுதார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, பாவம்.