பன்னிரண்டு மெகாஹேர்ட்ஸ்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்று இந்த ஊர்ச் சனத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கொழும்பில் நான் வேலை பார்த்த கம்பனியில் கம்ப்யூட்டருக்குக் குளிரூட்டிய அறை. கதவும் ஜன்னலும் எந்நேரமும் சாத்தியிருக்கும். எண்பத்து மூன்று கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோப்பாய்க்கு வந்தபிறகு அதையே இங்கும் சொன்னேன். இப்போது சண்டையும் பொருளாதாரத் தடையுமாக யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை, குளிரூட்டிக்கு எங்கே போவது? ஆனாலும் சனம் விடவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிற வீடென்றால் அந்த அறைக்குத் தடித்த திரைச்சீலை, கதவு இடுக்குக்குச் சாக்கு. உள்ளே வேர்த்து ஒழுகிக்கொண்டு இருப்பார்கள். ஏன் சாத்துகிறோம் என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

நீங்கள் கேட்பது கிறகோரி மாஸ்டரைப் பற்றி. சொல்கிறேன்.

அவர் இங்கே யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் கணக்குப் படிப்பித்தவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். வாய் ஓயாத மனிதர் என்பது எனக்குத் தெரியும். கனடாவில் இருக்கிற தமையன் யாரிடமோ ஒரு கிறிஸ்டல் கொடுத்தனுப்பியிருந்தார். கம்ப்யூட்டரின் பலகையில் இருக்கும் சின்னத் தகர டப்பி அது. அதன் துடிப்புக்குத்தான் புரொசெஸர் வேலை செய்யும். வேகமான கிறிஸ்டலை மாற்றிப் போட்டால் புரொசெஸரும் வேகமாக ஓடும், தாக்குப் பிடித்தால். மாஸ்டரின் மெஷின் எட்டு மெகாஹேர்ட்ஸ். அதைப் பன்னிரண்டாக்கினார்.

காரணம் மண்ணெண்ணெய். ஜெனரேற்றரில்தான் எல்லாம் ஓடுகிறது. வேலை கெதியாக முடிந்தால் எண்ணெய் மிச்சம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு மாட்டுக்கு அடித்தால் அது இரண்டு மாட்டு வேலை செய்யும் என்பது போன்ற நியாயம்.

பள்ளிக்கூடங்கள் சேர்ந்து வைக்கிற பொதுப் பரீட்சையின் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டித் தருகிற வேலையைப் போன வருடம் வரை நான்தான் செய்தேன். இந்த வருடம் ஆசிரியர் கூட்டத்தில் மாஸ்டர் எழும்பி, அரைவாசி எண்ணெயில் தான் முடித்துத் தருவதாகச் சொன்னார். அந்த மெஷின் தொடர்ந்து ஓடாது, இடையில் நிற்கும் என்று நான் சொன்னேன்.

"கனகசபாபதி அண்ணைக்கு மாட்டுவண்டில் வேகம் போதும்," என்றார் அவர். "மாட்டுக்குப் புல்லுக் கிடைக்கும். எங்களுக்கு எண்ணெய் எங்கை கிடக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிபர்மாரும் சிரித்தார்கள். பன்னிரண்டில் அது ஒரு காலைப்பொழுது நிற்காமல் ஓடினால் இனி நான் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை அவரே சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். வெட்கம் என்று ஒன்று இருக்கிறவன் வந்திருக்க மாட்டான்.

"அண்ணை, கொஞ்ச நேரம் நல்லா ஓடுது. பிறகு விறைச்சுப்போய் நிக்குது. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

"மாட்டுவண்டில்காரன் வந்து என்னத்தைப் பாக்கிறது?"

"ஐயோ அண்ணை, அது பகிடிக்குச் சொன்னது. உங்களை விட்டால் ஆர் எனக்கு?"

போனேன். ஒழுங்காகத்தான் பார்த்தேன். பழைய கிறிஸ்டலைப் போட்டேன், நிற்காமல் ஓடியது. புதியதைப் போட்டேன், நின்றது. சூடாக இருக்குமோ என்று மூடியைக் கழற்றிவிட்டு ஓலை விசிறியால் விசிறச் சொன்னேன். அவரும் சாமிக்கு விசிறுகிற மாதிரி விசிறினார். அப்போதும் நின்றது. பிரின்ரரைக் கழற்றினேன். பலகையில் செருகியிருந்த கார்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மிஞ்சியது மெமரி சிப். புரொசெஸர் ஓடுகிற வேகத்துக்கு மெமரி ஈடுகொடுக்கவில்லை என்று முடிவுக்கு வந்தேன். வேகமான சிப்புகள் என் வீட்டில் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இருந்தன.

அதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.

ஜெனரேற்றர் வளவின் மூலையில், கிணற்றடிக்கு அப்பால் நின்றது. அங்கிருந்து வீட்டுக்கு மெல்லிய வயர் இழுத்திருந்தார்கள். அதைக் காட்டினேன்.

"மாஸ்டர், வயர் நீளம். கரண்ட் வந்து சேரேக்கை குறைஞ்சு போகுது. ஜெனரேற்றரை உள்ளுக்குக் கொண்டுவாங்கோ. பக்கத்துச் சாமான் அறைக்குள்ளை வையுங்கோ. சுவரிலை ஓட்டை போட்டு வயரை எடுங்கோ."

மாஸ்டரின் மனைவி ஸ்ரெல்லா தேத்தண்ணி கொண்டுவந்தவள் நின்றாள். "உள்ளுக்கையோ? புகை என்ன செய்யிறது?"

"கூரை ஓட்டு இடுக்குக்காலை போயிடும், தங்கச்சி," என்றேன்.

மாஸ்டர் சிரித்தார். "ஊர் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகைதானே அப்பா. பஸ்ஸிலை ஏறினாலும் அதுதான், மோட்டச்சைக்கிள் பின்னாலை போனாலும் அதுதான். கோயிலுக்கை சாம்பிராணி மணக்கிறேல்லை, உதுதான் மணக்குது."

அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி. பெற்றோல் இல்லாமல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஓட்டி ஓட்டி இந்தச் சனத்துக்கு மூக்கே செத்துவிட்டது. அந்தப் புகைக்குள் மணமே இல்லாத ஒன்றும் இருக்கிறது. கொழும்பில் கம்பனியின் நிலக்கீழ் அறையில் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் படுத்த காவலாளி எழும்பவேயில்லை. அதன்பிறகு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு அதை விளங்கப்படுத்தினார்கள். கணக்கு மாஸ்டருக்கு அது தெரியாது. தெரியாதவர் கேட்டிருக்கலாம்.

புறப்படும்போது, தூசி கூடாது, அறையைத் திறக்காதீர்கள் என்றும் சொன்னேன். அதை நான் எல்லோருக்கும் சொல்வதுதான்.

சனிக்கிழமை காலை, வந்து பார்க்கும்படி ஆள் அனுப்பியிருந்தார். நான் போனபோது ஸ்ரெல்லா கூப்பன் சாமானுக்குச் சங்கக்கடை வரிசைக்குப் போய்விட்டாள். மாஸ்டரும் ஸ்ரெல்லாவின் தங்கை யசிந்தாவும் அறைக்குள் இருந்தார்கள். அவள் புள்ளிகளை வாசிக்க அவர் ஏற்றிக்கொண்டிருந்தார். சாமான் அறைக்குள் ஜெனரேற்றர் இரைந்தது.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை."

"எனக்கு வெக்கை ஒத்துக்கொள்ளாது. இஞ்சை இருக்கிறன்," என்று விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தேன். அறைக் கதவு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"பாத்தீங்களே, நிக்கேல்லை," என்று கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கத்தினார்.

"ஓம் ஓம். இன்னும் நேரம் கிடக்கு."

பிறகு யசிந்தாவின் குரல் கேட்டது. "அத்தான், தலையிடிக்குது."

"உந்தப் பள்ளிக்கூடத்தை முடிச்சிட்டு எழும்புவம். வாசியும் பிள்ளை."

அவள் வாசித்தாள். ஒரே பெயரை இரண்டு தரம் வாசித்தாள். மாஸ்டர் திருத்தவில்லை. பிறகு ஒரு கதிரை சரிந்த சத்தம். பிறகு ஜெனரேற்றர் மட்டும்.

யசிந்தா உள்ளே இருந்தது தெரியுமா என்று கேட்கிறீர்கள். அவள் குரலைக் கேட்டேன் என்று இப்போதுதானே சொன்னேன். கதவைத் திறந்திருக்கலாமே என்றும் கேட்பீர்கள். அதை நான் நிதானமாக யோசித்தேன். திறந்தால் குளிர்ந்த காற்று உள்ளே போகும். மெஷின் சூடு ஆறிவிடும். ஒரு காலைப்பொழுது என்று சொன்னால் ஒரு காலைப்பொழுதுதான். இடையில் காற்று விட்டால் அது சோதனை ஆகாது. மாஸ்டரே பிறகு அதைச் சொல்லிக் கதைத்துக்கொண்டு திரிவார்.

அதனால் இருந்தேன். ஸ்ரெல்லா பையோடு வந்து கதவைத் திறக்கும் வரை இருந்தேன்.

அவள் போட்ட சத்தத்தில் அயல் முழுக்க ஓடிவந்தது. இரண்டு பேரையும் முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலையெல்லாம் யாரோ அடித்துத் திறந்தார்கள். வெளியே ஒப்பாரி தொடங்கியபிறகுதான் நான் உள்ளே போனேன். மெஷினை யாராவது பார்க்க வேண்டுமே.

திரையில் யசிந்தா கடைசியாக வாசித்த பெயருக்குப் பக்கத்தில் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பட்டனை அழுத்தினேன். எழுத்து விழுந்தது. இன்னொன்றை அழுத்தினேன். அதுவும் விழுந்தது. மெஷின் நிற்கவில்லை. பன்னிரண்டு மெகாஹேர்ட்ஸில், அந்த வெக்கையில், நிற்கவேயில்லை. நிறுத்திவிட்டு மெஷினின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அதே பழைய மெமரி சிப்புகள். ஒன்றையும் மாற்றியிருக்கவில்லை.

குறை வயரில்தான் இருந்திருக்கிறது. எட்டுக்குப் போதுமாயிருந்த கரண்ட் பன்னிரண்டுக்குப் போதவில்லை. ஜெனரேற்றரைக் கிட்டக் கொண்டுவந்ததும் சுகமாகிவிட்டது. சும்மா ஒரு சாட்டுக்கு நான் சொன்ன வைத்தியம் சரியான வைத்தியமாகப் போய்விட்டது.

ஜெனரேற்றரை உள்ளே வைக்கச் சொன்னது நான். புகை போய்விடும் என்று சொன்னது நான். கதவுக்குப் பக்கத்தில் இருந்ததும் நான். இவற்றை நான் மறுக்கவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தவன் மெமரி சிப்பில் சந்தேகப்பட்டு வயரை விட்டிருக்கக் கூடாது. இரவில் எனக்கு நித்திரை வராதது அதனால்தான். நான் விட்ட பிழை அது ஒன்றுதான்.