வேலைக்காரி வேடம்

ஞாயிறு பின்னேரம், பிராங்பேர்ட் எஸ்-பான் ரயிலில் எனக்கு எதிரே ஐம்பதைத் தாண்டிய ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் நாயகி, தனக்குப் பேசிவந்த மாப்பிள்ளையைச் சோதிக்க வேலைக்காரி வேடம் போடுகிறாளாம்.

“ஒரு ஏப்ரனைக் கட்டினவுடன ஆர் எண்டு ஆளை மட்டுக்கட்டேலாதாமோ? விசர்க் கதை,” என்றார் கணவர்.

“உங்களைக் கட்டவெண்டு நான் வந்திறங்கின அண்டைக்கு எயார்போர்ட்டில நீங்கள் என்னை மட்டுக்கட்டினனீங்களோ?” என்றார் மனைவி.

கணவர் திரும்பிப் பார்த்தார்.

“மஞ்சள் சீலையில வாறன் எண்டு எழுதிப்போட்டு, பிளேனுக்குள்ள ஜீன்சுக்கு மாறினனான். அரை மணித்தியாலம் தூணுக்குப் பின்னால நிண்டு உங்களைப் பார்த்தனான்.”

“ஏனப்பா?”

“போட்டோவை மட்டும் நம்பேலுமே? ஆரோடையும் எரிஞ்சு விழுந்திருந்தால் அப்பிடியே போயிருப்பன். என்னைக் கூட்டிக்கொண்டு போக பாரிஸ் மாமா காரோட வெளியில நிண்டவர்.”

“பிறகேன் வந்தனீர்?”

“எனக்கு வாங்கின குளிர் ஜாக்கெட்டைக் குழந்தைப்பிள்ளை மாதிரி அணைச்சுக்கொண்டு நிண்டீங்கள்.”

கணவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவரோ சிரிக்கத் தொடங்கினார்.

“தூணுக்குப் பின்னால நிண்டது நீர். உம்மட பெட்டி முன்னால நிண்டது. அதில உம்மட அப்பா வெள்ளைப் பெயின்டால உம்மட பேரைப் பெரிசா எழுதி விட்டவர்.”

“ஐயோ! அப்ப ஏன் கூப்பிடேல்லை?”

“நீர் வேடம் போட்டால் நானும் கொஞ்சம் நடிக்க வேணாமே? அந்தப் பெட்டியைக் காணும்வரைக்கும் ஜாக்கெட் நிலத்திலதான் கிடந்தது.”