வெள்ளிக்கிழமைக்கு ஒரு நீலக்குழி

கடற்கரைக் கிராமமான சல்லிக்குப் போகும் பஸ், நேரம் கடந்து பதின்மூன்று நிமிடமாகியும் புறப்படவில்லை. எனக்கு முன் இருக்கையில் ஒரு படகுக்காரரும், பள்ளியில் புவியியல் படிப்பிக்கும் அவருடைய மச்சாளும் இருந்தார்கள்.

"மச்சாள், கடலுக்குள்ள வட்டமா, கடும் நீலமாத் தெரியிற ஆழக்குழி இருக்கெல்லோ, அது வர எத்தனை நாள் எடுக்கும்?"

நான் உட்பட ஐந்து பேர் திரும்பிப் பார்த்தோம்.

"ஏன் அத்தான்?"

"வெள்ளிக்கிழமை ஒண்டு காட்டுறன் எண்டு கொழும்பு ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன். ஆறு பேர் வருகினம். புதுப் படகுக்கு இதுதான் முதல் ஓட்டம்."

"இஞ்ச ஏது நீலக்குழி? முதல்ல கடல் வத்தவேணும். வெளியில வந்த சுண்ணாம்புக்கல்லை மழைத்தண்ணி கரைச்சுக் குகையாக்கவேணும். பிறகு குகையின்ர கூரை இடிஞ்சு விழவேணும். கடைசியாக் கடல் திரும்பி வந்து அதை நிரப்பவேணும்."

நாலு வேலைகள். அன்று செவ்வாய்க்கிழமை.

"மழை நாளைக்கு இருக்காம்."

"பல்லாயிரம் வருஷ மழை வேணும், அத்தான்."

"கூரையை நாங்களே இடிச்சால்?"

"இடிக்கிறதுக்குக் குகை வேணுமே! நீங்கள் படகு விடுற இடத்தில இருக்கிறது மழைக்குக் கரையிற கல்லும் இல்லை."

"அப்ப கடல் நிரப்புற வேலை மட்டுந்தான் முடிஞ்சிருக்கு."

"ஓம். அதுவும் உங்களால இல்லை. உண்மையைச் சொல்லிப்போடுங்கோ."

அவர் கைபேசியை மூன்று தரம் எடுத்து, மூன்று தரமும் சட்டைப்பையில் வைத்தார். நாலாந்தரம் அழைத்தே விட்டார்.

"ஹலோ சேர், வெள்ளிக்கிழமைப் பயணம் பற்றித்தான். ஓம் சேர், படகு ரெடி. கடல் ரெடி. நீலமும் வேண்டிய அளவு இருக்கு. குழிதான் கொஞ்சம் சுணங்கும்."