சிக்னல் நிற்கும் சன்னல்

எங்கள் வீட்டில் நெட் மெதுவாக வந்ததற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகளுக்கு வருவது பழைய டெலிபோன் கம்பி. அதில் அவசரமில்லாமல் ஒரு சினிமா பார்க்கலாம். வேலை பார்க்க முடியாது. என் வேலை பேசுகிற வேலை, சார். ஆஸ்திரேலியாவில் ஒருவர் ஹோட்டலில் அறை பதிவு செய்துவிட்டுப் போய்ப் பார்க்கிறார், அறை இல்லை. அவர் திட்டுவதற்கென்றே ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணின் இந்த முனையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பாதித் திட்டில் இணைப்பு அறுந்தால் மறுபடி கூப்பிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

பதினொரு வருடம் இதே வேலைக்குப் பெங்களூருக்கு ரயிலில் போய் வந்தேன். விடிவதற்கு முன் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவேன். என் மாமனார் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். பிறகு கம்பெனியே வீட்டிலிருந்து பாருங்கள் என்றது. கரும்பு தின்னக் கூலியா என்று நினைத்தேன். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. யாருக்கு அடிக்கடி போன் கால் அறுந்துபோகிறதோ அவர்கள் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும். என் மேலாளர் நேத்ரா நல்ல பெண். இரண்டு முறை எச்சரித்தாள். மூன்றாவது முறை எச்சரிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வீடு மாமனாருடையது. மரியகுழந்தை என்று பெயர். மைன்ஸில் கேஜுக்கு மணி அடித்தவர். கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. கீழே நடப்பது மேலே இன்ஜின் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. மணிதான் பேச்சு. ஒரு மணி அடித்தால் நிறுத்து. மூன்று மணி அடித்தால் கூண்டில் ஆள் இருக்கிறது, பார்த்து இழு. முப்பது வருடம் அப்படி அடித்தார். மைன்ஸ் மூடிய பிறகும் அந்தத் தூசி அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. கடைசி இரண்டு வருடங்களில் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. அதனால் வீட்டிலும் மணிக் கணக்குதான். கட்டில் கம்பியில் ஸ்பூனால் மூன்று தட்டினால் யாராவது வர வேண்டும். ஒன்று தட்டினால் போதும், நிறுத்து. சாதம் பரிமாறும்போது ஒரு தட்டு விழுந்தால் என் மனைவி ஷைலா கரண்டியை எடுத்துவிடுவாள். நானும் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டேன்.

ஷைலா பேத்தமங்களாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஐந்துக்கு வருவாள். கோடை லீவிலும் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். பகலெல்லாம் அவருடன் இருந்தது நான்தான். கஞ்சி கொடுத்தது, பாத்திரம் வைத்து எடுத்தது, முதுகைத் துடைத்தது எல்லாம் நான். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்ய மாட்டான் என்று பக்கத்து வீட்டு வின்னி எங்கள் லைன் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் பெருமைக்குச் சொல்லவில்லை. மற்றதைக் கேட்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட்டைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது என்று ரூபேஷ்தான் சொன்னான். நெட் கனெக்‌ஷன் கொடுக்கிற பையன். ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் சிம் போட்டால் மொபைல் டவரிலிருந்து சிக்னலை இழுத்து, கம்பியில் வருகிற நெட்டோடு சேர்த்துக் கொடுக்கும். கம்பி தடுமாறும்போது இது தாங்கிக்கொள்ளும். அவன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். இரண்டே அறை, ஒரு சமையலறை. கடைசியில் மாமனாரின் கட்டில் பக்கத்தில் போய் நின்றான்.

“டவர் அந்தாண்ட கீதுண்ணா. நடுவுல சயனைடு மேடு மறைக்குது. இந்த சன்னலாண்ட மட்டும்தான் சிக்னல் நிக்குது.”

சயனைடு மேடு என்பது மைன்ஸில் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் குன்று. அந்தச் சன்னலுக்குக் கீழேதான் வீட்டின் ஒரே நல்ல பிளக் பாயிண்டும் இருந்தது. மாமனாரின் ஆக்ஸிஜன் மெஷின் அதில்தான் ஓடியது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற மெஷின். இரவும் பகலும் ஓட வேண்டும்.

வெளியே ஒரு இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் பெட்டியை வைக்கலாம் என்றும் ரூபேஷ் சொன்னான். ஒரு வாரம் ஆகும் என்றான். ஒரு வாரம் பொறுக்கிற நிலையில் நான் இல்லை.

சாயங்காலம் ஷைலாவிடம் சொன்னேன். “அந்த ரூம்ல காத்தே வராதுங்க,” என்றாள். உள் அறைக்குச் சன்னல் கிடையாது. அரிசி டின்னும் பெட்டிகளும் வைக்கிற அறை. மாமனார்தான் அவளைச் சமாதானப்படுத்தினார்.

“எனக்கு இன்னா மாப்ள, இருட்டு புதுசா? முப்பது வருசம் அதுலதான் சோறு துன்னேன். நீங்க போட்டுக்கோங்க.”

பெருந்தன்மையான மனிதர். அன்றே கட்டிலை உள்ளே மாற்றினோம். பெட்டி சன்னலில் உட்கார்ந்தது, என் மேசை அதன் கீழே. உள் அறையில் பிளக் இல்லாததால் என் காலடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு வைத்தேன். நெட்டுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று, நாலாவது மாமனாருக்கு. அந்த மாதம் எனக்கு ஒரு கால்கூட அறுந்துபோகவில்லை. நேத்ரா எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினாள்.

சன்னலில் அவரைக் காணோமே என்று தெருவில் போகிறவர்கள் இரண்டு நாள் கேட்டார்கள். அப்புறம் கேட்கவில்லை.

கோடையில் கரண்ட் போக ஆரம்பித்தது. எங்கள் இன்வெர்ட்டர் சின்னது. மெஷினையும் சேர்த்து ஓட்டினால் முக்கால் மணி நேரத்தில் படுத்துவிடும். மெஷின் இல்லாமல் நெட்டும் பெட்டியும் லேப்டாப்பும் மட்டும் என்றால் பகல் முழுக்கத் தாங்கும். கணக்கு அவ்வளவுதான். சாய்ந்து உட்கார்ந்திருந்தால் மெஷின் இல்லாமல் கால் மணி நேரம் சமாளிப்பார் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டுத்தான் பிளக்கை எடுப்பேன். ஒரு நாள்கூட அதைத் தவறவிட்டதில்லை. முதலில் கால் மணி நேரம். பிறகு அரை மணி நேரம். சில நாள் ஒரு மணி நேரம் ஆனது. அவர் தாங்கினார். தாங்குகிறவரைப் பார்த்து நமக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

மின்சாரம் நின்றால் மெஷின் கத்தும். அதற்கென்று உள்ளே ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அந்தக் கத்தல் என் போன் கால்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். ஷைலாவிடம் சொல்லவில்லை. அவள் வீணாகக் கவலைப்படுவாள்.

மே மாதம் இருபத்திரண்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஒரு மீட்டிங். ஆஸ்திரேலியாவிலிருந்து பெரிய அதிகாரிகள் ஆன்லைனில் வந்து, யார் யார் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று முடிவு செய்கிற மீட்டிங். ஒவ்வொருவரும் பேச வேண்டும். நான் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி உட்கார்ந்தேன். உள் அறைக் கதவைச் சாத்தினேன். மாமனார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆல் தி பெஸ்ட் என்பதுபோல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த மீட்டிங்கின் பதிவை இந்தப் பென்டிரைவில் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு மணி ஐம்பது நிமிடம். நீங்களே கேட்டுப் பாருங்கள், இணைப்பு ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நாற்பது தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன், அதனால் எனக்கு மனப்பாடம். பதினெட்டாவது நிமிடத்தில் மூன்று தட்டு. இருபத்தாறில் மறுபடி மூன்று. நான் அப்போது பேசிக்கொண்டிருந்தேன், நன்றாகத்தான் பேசினேன். முப்பத்தொன்றில் மூன்று, முப்பத்து மூன்றில் மூன்று, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே யாரோ கதவைத் தட்டுகிறார்கள் போலிருக்கிறதே என்கிறார். பக்கத்து வீட்டில் வேலை நடக்கிறது என்று நான் சொல்வதும் பதிவில் இருக்கிறது. நாற்பத்து நான்காவது நிமிடத்தில் ஒரே ஒரு தட்டு.

ஒரு தட்டு என்றால் போதும் என்று அர்த்தம். இனி யாரும் வர வேண்டாம் என்று சொல்கிறார், சமாதானமாகிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மீட்டிங் முடிந்ததும் முதலில் மெஷினை ஓடவிட்டேன். பிறகு கஞ்சியைச் சூடுபண்ணி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குழாய் மூக்கில் சரியாகத்தான் இருந்தது. ஸ்பூன் கையிலேயே இருந்தது. விரல்களைப் பிரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் அழுதேன், சார். அதை யாரும் பார்க்கவில்லை என்பதற்காக நடக்கவில்லை என்றாகிவிடாது.

ஷைலா வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். “கரண்ட்டு எவ்ளோ நேரம் போயிருந்துச்சுங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இரண்டு மணி நேரம் என்றேன். எங்கள் ஊரில் அதை யாரும் அதிசயமாக நினைக்க மாட்டார்கள். ஃபாதர் வந்து ஜெபம் செய்தார், மறுநாள் அடக்கம் முடிந்தது. நிரந்தரமாக வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்ற கடிதம் அடுத்த வாரம் வந்தது.

இப்போது உள் அறை காலி. கட்டிலைக்கூடப் பிரித்துக் கொல்லைப்புறத்தில் வைத்தாகிவிட்டது. ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்முனையில் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்கிறது. எனக்குக் கேட்பதில்லை, அவர்களுக்குக் கேட்கிறது. போன மாதம் ஒரு பெண்மணி, பாவம், நல்ல மாதிரி, “உங்கள் கதவை யாரோ தட்டுகிறார்கள், போய்த் திறந்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்,” என்றாள். எத்தனை தடவை தட்டினார்கள் என்று கேட்டேன். மூன்று என்றாள். பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். மேசையைத் திருப்பிப் போட்டேன். ரூபேஷ் வந்து புதுப் பெட்டி மாட்டினான். மறுநாள் வேறொருவர் கேட்டார், மூன்று என்றுதான் அவரும் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

ஷைலா உங்கள் ஸ்டேஷனில் என்ன எழுதிக் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. போன ஞாயிறு பூசை முடிந்து வின்னியோடு பேசிவிட்டு வந்தவள் அலமாரியைத் திறந்து அந்தச் சின்ன பேட்டரியை எடுத்தாள். வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை தன் துணிகளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. அப்பாவை இழந்தவள்.

வின்னியை நீங்கள் விசாரிப்பீர்கள். இருபத்திரண்டாம் தேதி பதினோரு மணிக்குத் தன் வீட்டில் கிரைண்டர் ஓடியது என்று அவள் சொல்வாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. கோடை முழுக்க நான் சொன்ன இன்வெர்ட்டர் கணக்கு எல்லாம் உண்மைதான், அந்த ஒரு நாளைத் தவிர. அன்றைக்குக் கரண்ட் போகவே இல்லை. மீட்டிங்குக்கு முன்னால் நேத்ரா மைக்கைச் சோதித்தாள். “நோயல், உங்க சைடுல மாவு மிஷின் மாதிரி ஏதோ ஓடுதே, அதைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?” என்று கேட்டாள். குனிந்து நாலாவது பிளக்கைப் பிடுங்கினேன். நான்தான் பிடுங்கினேன். அந்த வேலை கைவிட்டுப் போயிருந்தால் பகலெல்லாம் அவரை யார் பார்த்துக்கொள்வது, சொல்லுங்கள்.