எதிராளியே இல்லாம தோத்த ஜட்ஜ்

...எதிர்ல ஒருத்தன் நின்னு நீ தோத்தா, சரி போகட்டும்னு விடலாம். ஆளே நிக்காத எலெக்‌ஷன்ல எப்பிடிடா தோத்தே கோதண்டம்? ஜட்ஜ் வேலை போச்சுன்னு எங்க அக்கா, உங்கம்மா, போன்ல அழுதாளே, அன்னிலேர்ந்து எனக்குச் சோறே எறங்கல. ஏர்போர்ட்ல உன் மூஞ்சியைப் பாத்ததும் இன்னும் மோசம். பெல்ட்டு போட்டியா? ஜன்னலைத் திறக்காதே, ஏசி ஓடுது.

இந்த மோட்டார்வே அசையுதா பாரு. ஊர்க்கோடியில இந்தத் தகனினியில வீடு வேண்டாம், தெனமும் எல்லர்ஸ்லி ஆபீசுக்கு ஊர்ந்து போகணும்னு உங்க சித்தப்பாகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா? மார்ட்கேஜ் கட்டறதும் பெட்ரோல் போடறதுமாவே... அது கெடக்கு. நீ சொல்லு. இல்ல, நானே சொல்றேன், நீ களைச்சுப் போயிருக்கே.

வக்கீலுக்குப் படிக்கறேன்னு நீ சொன்னப்ப சொந்தக்காரங்க என்ன சிரிப்பு சிரிச்சாங்க. அமெரிக்கா போய்ப் படிக்கற படிப்பா இதுன்னு. அப்புறம் கவர்னரே கூப்பிட்டு கவுண்டி கோர்ட்டுல, அதான் நம்ம ஜில்லா கோர்ட்டு மாதிரி, ஜட்ஜா உக்கார வெச்சதும், அதே வாயெல்லாம் கல்யாணப் பத்திரிகை அனுப்ப உன் அட்ரஸ் கேட்டுச்சு. நீ கறுப்பு அங்கியில நின்ன போட்டோவை ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். எங்க பையன் நிதின்கூட 'கூல்'னான். அவன் வாயிலேர்ந்து அது வர்றது லேசில்ல.

ஆனா உங்க ஊரு வழக்கம்தான் எனக்குப் புடிக்கல. சில வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த ஜட்ஜ் இருக்கட்டுமா வேண்டாமான்னு ஊர்க்காரங்ககிட்ட ஓட்டு கேக்கறதாம். நீ அபராதம் போட்டவனும் வந்து போடலாமாம்ல. நல்ல நியாயம்.

போன தடவை ஊரே சேந்து இருக்கட்டும்னு போட்டுச்சு. என்ன ஆச்சு? மறுவாரமே பாத்ரூம்ல வழுக்கிக் காலை ஒடச்சுக்கிட்டே. கண்ணுடா, அத்தனையும் கண்ணு. எங்க அக்கா பாவம், இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அதனாலதான் இந்தத் தடவை நானே முன்கூட்டி உங்க ஊரு கோயிலுக்கு வர்ற ஸ்வர்ணாவுக்கு போன் போட்டேன். எல்லாரும் இருக்கட்டும்னு போட்டா புள்ளைக்கு ஆகாதும்மா, நீயும் உன் வீட்டுக்காரரும் மட்டும் வேண்டாம்னு போடுங்க, கொழந்தை கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெக்கற மாதிரின்னேன். நல்ல யோசனை ஆன்ட்டி, கோயில் வாட்ஸப் குரூப்லயும் போடறேன்னா. ரொம்பப் பொறுப்பான பொண்ணு.

ஏன்டா அப்பிடிப் பாக்கறே?

ஆமா, எத்தனை ஓட்டுல போச்சு? அவ்வளவுதானா? ஒரு பந்திக்குக்கூடக் காணாதேடா. உங்க கோயில்ல சுண்டலுக்கு நிக்கறவங்களே அதைவிட ஜாஸ்தி...

இரு. இரு இரு.

ரெண்டு ஓட்டுன்னுதான்டா நான் சொன்னேன். பொட்டு வெக்கச் சொன்னா மூஞ்சி பூரா மையைப் பூசிட்டாளே பாவி. எதுக்கு பெல்ட்டைக் கழட்டறே? மோட்டார்வேல எறங்கி நடக்கக் கூடாதுடா, ஜட்ஜா இருந்தவனுக்கு நான் சட்டம் சொல்லணுமா? மனசைத் தளர விடாதே கண்ணா. இங்க தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர் எலெக்‌ஷன் வருது, உன்னை இங்கயே இருக்க வெச்சு நிக்க வெக்கறேன், ஓட்டுக்கு நானாச்சுன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்... கோதண்டம், கதவை மூடு. பெட்டி டிக்கியில இருக்குடா.

சரி, போறதுன்னா போ. இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் குனி, கன்னத்துல ஒரு சின்னப் பொட்டு வெச்சு விடறேன். நிக்கற கார்ல இருக்கறவங்க எல்லாரும் உன்னையேதான் பாக்கறாங்க.