பதில் கேட்டு வந்த செய்தி

மேடையிலுள்ள ஆலைப் பெருமக்களே, ஷிஃப்ட் முடிந்த களைப்போடு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்வலட்சுமி அம்மா அவர்களே, வணக்கம்.

நம் ஒரகடம் ஆலையின் தரவுத்தளப் பொறுப்பாளர் தமிழ்வாணன் மறைந்துவிட்டார். கணினிப் பிரிவின் தலைவன் என்ற முறையில் புகழ்ந்து பேச வேண்டியவன் நான். வெட்கத்தோடு நிற்கிறேன்.

ஒருநாள் காலை அறிக்கை வராமல் ஆலையே தவித்தது. போல்ட் முடுக்கிய அளவை எண்ணாகப் பதிய வேண்டிய இடத்தில், லைனில் வேலை பார்க்கும் பேச்சிராஜ் 'டிட்டோ' என்று அடித்திருந்தார். அதை எண்ணாக மாற்ற முடியாமல், அறிக்கைக்காகத் தரவைத் திரட்டும் மொத்த வினவலும் நின்றுவிட்டது. "பூஜ்யம் போட்டு ஓட்டுங்கள்" என்றோம். தமிழ்வாணன் கேட்டாரா?

"பூஜ்யம் போட்டா போல்ட்டை முடுக்கவே இல்லன்னு ஆயிடும் சார். மாத்த முடியாததைக் காலியா வுடுங்க. அந்த வரியை மட்டும் தனியா எடுத்துவெச்சி, அடிச்சவரையே கேக்கலாம். மத்தது ஓடட்டும்."

அவரே லைனுக்குப் போனார். பேச்சிராஜ் சொன்னார்: "மேல உள்ள அளவுதான் சார் இதுக்கும். பின்ன எதுக்கு மறுபடி அடிச்சிக்கிட்டு?" தமிழ்வாணன் சிரித்துக்கொண்டே சரியான அளவைப் பதிந்தார். யார் மேலும் பழி விழவில்லை.

வருகைப்பதிவுக் கணினியையும் புரியாததை இப்படி ஆளிடம் கேட்கும்படி திருத்த வேண்டும் என்று எத்தனை முறை கேட்டார்! பிறகு பார்க்கலாம் என்றவன் யார்? நான்தான்.

அவர் இறந்த அன்று, பணியின் கடைசித் தேதி கேட்கும் இடத்தில் அலுவலகத்தில் 'காலமானார்' என்று அடித்தார்கள். அதைத் தேதியாக மாற்ற முடியவில்லை. யாரிடமும் கேட்காமல், அவர் இன்னும் பணியில் இருப்பதாகவே கணினி எடுத்துக்கொண்டது. மறுநாள் மணிமங்கலத்தில் அவர் வீட்டுக்குச் செய்தி போனது: 'தகவலின்றி வேலைக்கு வரவில்லை. விளக்கம் தரவும்.'

அவர் துணைவியார் செல்வலட்சுமி அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், அவரு ஏன் வரலன்னு கேட்டு மெசேஜ் வந்துகீது. நான் இன்னான்னு பதில் போடட்டும்?"

நம்மிடம் உழைத்தவரின் வீட்டில், அழுது ஓயாத நேரத்தில், இப்படியா கேட்போம்? வெட்கப்படுகிறேன் தோழர்களே. நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டும்.

அந்தச் செய்திகளை நிறுத்திவிட்டேன். கணினிக்குப் புரியாத பதிவு எதுவானாலும் இனி ஒரு மனிதர் பார்த்த பிறகே அடுத்த வேலை நடக்கும். தமிழ்வாணன் கேட்ட திருத்தத்தை அவர் பிரிவினரோடு உட்கார்ந்து நானே முடிப்பேன். இது இந்தச் சபையில் நான் தரும் வாக்கு.

அம்மா, நீங்கள் பதில் போட வேண்டாம். அந்த விளக்கத்தை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.