வக்கீலம்மா அடித்த பக்கத்தை நான் பதினோரு முறை எழுதியது குறித்து

என் பெயர், என் அப்பா பெயர், கதவு எண் மூன்றையும் இந்தத் தாளின் மேலே உள்ள கட்டங்களில் நானே நிரப்பியிருக்கிறேன். கட்டம் சிறியது, என் பெயரின் கடைசி எழுத்து வெளியே நிற்கிறது. வயது எழுபத்தொன்று. தொழில் கொத்தனார், முழங்கால் ஒத்துழைக்காததால் இரண்டு வருடமாகச் சாரம் ஏறுவதில்லை. நான் சொல்லச் சொல்லத் தான் எழுதிக்கொள்வதாக விசாரணை அதிகாரி சொன்னார். நானே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். "நேரமாகுமே, பெரியவரே" என்றார். "ஆகும்" என்றேன். சம்மதித்தார்.

என் வக்கீலம்மா மீது என் மகள் இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத என்னிடம், வீட்டில் பாதியைக் கூலியாகத் தருவதாக அவர் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார் என்பது புகார். அது உண்மையென்று ஆனால் அவர் இனி எந்தக் கோர்ட்டிலும் வாதாட முடியாது என்று அதிகாரி சொன்னார். அது உண்மையில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் வீட்டை நானே கட்டினேன். பின்னறை நிற்கிற இடம் தன்னுடையது என்று பக்கத்துக் கிடங்குக்காரர் சென்ற வருடம் வழக்குப் போட்டார். அதன் பிறகு நான் வக்கீலம்மாவைத் தேடிப் போனேன். அவருடைய அலுவலகம் மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. படிகள் ஒன்று போல் ஒன்று இல்லை; கட்டியவர் யாரென்று தெரியவில்லை. அவருடைய குமாஸ்தா அச்சடித்த தாள் ஒன்றை நீட்டி, "கையெழுத்தோ கைநாட்டோ, கீழே வைங்க" என்றார். அப்போது நான் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"வாசிச்சிட்டு வைக்கிறேன்."

"முழுசுமா?"

"எழுதினவர் முழுசாத்தானே எழுதியிருக்கார்."

பாதி வாசிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் வக்கீலம்மா கோர்ட்டிலிருந்து வந்துவிட்டார். நான் விரல் வைத்திருந்த வரியை எட்டிப் பார்த்தார். வழக்கில் மீட்கும் சொத்தில் சரிபாதி வக்கீலுக்கு என்று அதில் இருந்தது. அவருக்கு முன்னால் அந்த அறையில் இருந்த வக்கீல் விட்டுப்போன பழைய படிவம் அது. குமாஸ்தா அலமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்திருக்கிறார். வக்கீலம்மா சிவப்புப் பேனாவை எடுத்து, பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டார்.

"ஜெயிச்சாப் போதும்மா, பாதி எடுத்துக்கிட்டா என்ன" என்று நான் கேட்டேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

"எடுத்துக்கிட்டா நான் உங்க வக்கீல் இல்லைங்க ஐயா, பங்காளி" என்றார். "நாளைக்கே கிடங்குக்காரர் சமாதானத்துக்கு வந்தா, அது உங்களுக்கு நல்லதான்னு பார்ப்பேனா, என் பங்கு குறையுதேன்னு பார்ப்பேனா?"

எனக்கு ஏற்கெனவே நான்கு பங்காளிகள் இருக்கிறார்கள். ஐந்தாவது வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு புது ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தோம். கட்டட வேலைக்கு நான் எப்படிக் கூலி பேசுவேன் என்று கேட்டார். அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் மட்டம் வந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு, சாமான் செலவு ரசீதோடு தனி, வரைபடத்தில் இல்லாததைக் கட்டச் சொன்னால் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னேன். அவர் அந்த மாதிரியே எழுதினார். பதில் மனு போட்டால், சாட்சி விசாரணை முடிந்தால், தீர்ப்பு வந்தால் என்று மூன்று கட்டம். மேல்முறையீடு இதில் சேராது. நகல் செலவும் கோர்ட் கட்டணமும் ரசீதோடு தனி. ஜெயித்தாலும் தோற்றாலும் கூலி ஒன்றுதான். முன்பணம் அந்தந்தக் கட்டம் முடியும் வரை தனிக் கணக்கில் கிடக்கும். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நான் அவரை விலக்கலாம்; செய்து முடித்த வேலைக்குக் கொடுத்தால் போதும், வழக்குக் கட்டை அவர் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இந்தக் கடைசி வரியில் நான் நின்றுவிட்டேன். "தன்னை எப்படி வேலையை விட்டு நிறுத்துறதுன்னு யாராவது தானே எழுதிக் குடுப்பாங்களாம்மா?" என்றேன்.

"எழுதிக் குடுக்காட்டி நீங்க எனக்குப் பயந்துக்கிட்டே இருப்பீங்க" என்றார்.

அதன் பிறகு முழுவதையும் நான் சத்தமாக வாசித்தேன். நான் தடுக்கி விழுந்த இடத்தில் எல்லாம் அவர் சொல்லை மாற்றினார். "இது பத்திரம் மாதிரி இல்லை மேடம், கடுதாசி மாதிரி இருக்கு" என்று குமாஸ்தா குறைப்பட்டார். "இவருக்குப் புரிஞ்சுதான்னு நாளைக்கு நீதிபதி கேட்டா, கடுதாசிதான் நிக்கும்" என்று வக்கீலம்மா சொன்னார். அன்றைக்கு என்னைக் கையெழுத்துப் போடவே விடவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று நாள் வைத்து வாசித்து, விருப்பமிருந்தால் வேறு வக்கீலிடமும் காட்டிவிட்டு வரச் சொன்னார். நான்காம் நாள் இருவரும் இரண்டு பிரதியிலும் கையெழுத்திட்டோம். ஒன்று என்னிடம் இருக்கிறது.

இனி அந்த அடித்த பக்கம். அது குப்பைக்கூடைக்குப் போக இருந்ததை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தினம் ஒரு பக்கம் எதையாவது பார்த்து எழுதும்படி மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார். கடினமான சொற்களாக இருந்தால் கை உறுதிப்படும் என்றும் சொல்லியிருந்தார். புது ஒப்பந்தத்தில் எல்லாம் சுலபமான சொற்கள். தவிர, அதில் மை பட்டுவிடக் கூடாது. பழைய பக்கத்தில் ஒவ்வொரு சொல்லும் அரை வரி நீளம். நாளுக்கு ஒன்றாகப் பதினோரு நாள் எழுதினேன். சிவப்புக் கோடுகள் எழுத்து இல்லை என்பதால் அவற்றை எழுதவில்லை. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்ததால் ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் போட்டேன். உள்ளதைச் சொன்னால், அதைப் போடுவதற்காகத்தான் மேலே உள்ளதை எல்லாம் எழுதினேன்.

என் மகள் வேறு ஊரில் தையல் ஆலையில் மேற்பார்வையாளர். நான் படிக்கப் போவது அவளுக்குத் தெரியாது. சென்ற வாரம் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. அதற்காக வந்திருந்தவள், மாற்றுத் துணி எடுக்க என் வீட்டுக்குப் போனாள். பெட்டியில் வேட்டிக்கு மேல் பதினோராவது பிரதி இருந்தது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

"அப்பா, ஏதாவது தாள்ல கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்மா. பதினோரு தடவை."

"பதினோரு தடவையா? மிரட்டினாங்களா?"

"அதெல்லாம் இல்லை. கைதான் வலிச்சுது."

அந்த நேரத்தில் நர்ஸ் வந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டு, போனை வாங்கி வைத்துவிட்டார். அதன் பிறகு மகள் நேராக இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அந்தப் பதிலையும் கேட்ட எந்த மகளும் அதைத்தான் செய்வாள். அந்தத் தாள் தேர்ந்த எழுத்தர் ஒருவரின் கையால் எழுதப்பட்டது என்று அவளுடைய புகாரில் ஒரு வரி இருக்கிறது. அந்தப் புகாரை அதிகாரியிடம் வாங்கி, அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் மறுக்கிறேன்.

மற்றப் பத்துப் பிரதிகளையும், சிவப்புக் கோடு போட்ட பக்கத்தையும், உண்மையான ஒப்பந்தத்தையும் இன்று காலை கொண்டுவந்து ஒப்படைத்தேன். அதிகாரி எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். முதல் பிரதியின் வரிகள் மழையில் சரிந்த மதில் மாதிரி கிடக்கின்றன. ஏழாவதிலிருந்து ரசமட்டம் வைத்த மாதிரி நேராக வருகின்றன. மகள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அதன் பிறகு உண்மையான ஒப்பந்தத்தை வாசித்தாள். அதன் பிறகு, காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த வக்கீலம்மாவிடம் போய் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். "நானா இருந்தா புகார் குடுக்க இன்னும் சீக்கிரமா வந்திருப்பேன்" என்று வக்கீலம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு மகள் என்னிடம் வந்தாள். "ஏன்ப்பா என்கிட்ட சொல்லலை?"

"கடுதாசி எழுதித் தெரிவிக்கலாம்னு இருந்தேன்."

"எழுத வேண்டியதுதானே."

"எழுத்து இன்னும் கொஞ்சம் ஒழுங்கா வரட்டும்னு பார்த்தேன்."

அவள் திரும்பிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தேடப்படுவோர் பட்டியலைக் கொஞ்ச நேரம் வாசித்தாள்.

என்னை யாரும் மிரட்டவில்லை, ஏமாற்றவில்லை. வக்கீலம்மா மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. என் வழக்கு சாட்சி விசாரணையில் இருக்கிறது. அடுத்த தேதியில் அவரே எனக்காக நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புகாரைத் திரும்பப் பெறுவதாக மகள் தனித் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டேன் என்று முடிப்பதுதான் இங்கே வழக்கம் என்று அதிகாரி சொன்னார். என் விஷயத்தில் அது பொருந்தாது. மேலே உள்ளது அனைத்தும் உண்மை; எழுதியது நான். முதல் வரியிலிருந்து நானே படித்துக் காட்டினேன். அதிகாரியும் வக்கீலம்மாவும் என் மகளும் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டார்கள்.

(கையொப்பம்)